திருகோணமலையிலிருந்து ஜேர்மனிக்கு ஒரு கோடைகாலப் படிப்பு: நவம்பரிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

2025 ஜூலையில் ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வாரக் கோடைகாலக் கற்கைநெறி படித்துவிட்டு வந்தேன். 2024 இலும் அதே படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த முறை விசா மறுக்கப்பட்டது. வீட்டில் பட்ட கடனும் அம்மாவின் அழுகையும்தான் மிச்சம். மறுக்கப்பட்டதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் சரிசெய்யக்கூடியவை. சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. உங்களுக்காவது ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூலைப் பயணத்துக்கு முந்தைய நவம்பரில் வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரலில் தொடங்கினால் மூச்சு வாங்கும்.

1. முதலில் செமஸ்டர் நாட்காட்டி

ஐரோப்பாவில் கோடை என்றால் விடுமுறை. நமக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விரிவுரை நடந்துகொண்டிருக்கலாம், பரீட்சையும் வரலாம். ஆகவே படிப்பைத் தேடும் முன் உங்கள் பீடத்தின் நாட்காட்டியை எடுத்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியது வரவு. பரீட்சை எழுத 80 வீத வரவு கேட்பார்கள். 15 வாரச் செமஸ்டரில் அது 12 வாரம். அதாவது மூன்று வாரம் போகலாம், நான்காவது வாரம் போனால் பரீட்சைக்கு இருக்க முடியாது. நான்கு வாரப் படிப்பென்றால் ஒரு வாரமாவது செமஸ்டர் இடைவெளிக்குள் விழுகிற மாதிரிப் பாருங்கள், அல்லது எழுத்தில் அனுமதி எடுங்கள். "போயிட்டு வாங்கோ, பிறகு பார்ப்போம்" என்று ஒரு விரிவுரையாளர் வாயால் சொல்வது பரீட்சை நேரத்தில் உதவாது.

இந்த விடுப்புக் கடிதம் துறைத்தலைவர், பீடாதிபதி, பீடச் சபை என்று ஏறி இறங்கும். சபை மாதம் ஒருமுறை கூடும் இடங்களில் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: நீங்கள் எந்த ஆண்டு மாணவர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை விடுப்பு, திரும்பி வந்து எந்தச் செமஸ்டரைத் தொடர்கிறீர்கள். என்னுடைய முதல் கடிதத்தில் மூன்றாவது இல்லை. நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்று விசா அதிகாரிக்குச் சொல்லக்கூடிய பலமான காகிதம் இதுதான். அதனால் அந்த வரி விடுபடாமல் பாருங்கள்.

2. படிப்பும் விண்ணப்பமும்

ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் இணையத்தளத்தில் கோடைகாலக் கற்கைநெறிகளுக்குத் தனித் தேடல் இருக்கிறது. பாடம், மொழி, கட்டணம் எல்லாம் அதில் வடிகட்டிப் பார்க்கலாம். அந்தச் சேவை தரும் கோடைகால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முந்தைய ஆண்டு டிசம்பர் 1 அளவில் வந்துவிடும். நவம்பர் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பல பல்கலைக்கழகங்கள் தாங்களே கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கின்றன. விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டதால்தான் எனக்குப் பாதிக் கட்டணம் குறைந்தது.

ஜேர்மன் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்ததும் உங்கள் முழுப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், படிப்பின் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, தங்குமிடம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

3. பெயர்

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இடறும் இடம் இது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றில் முதலெழுத்துகளோடு வேறொன்று, வளாகப் பதிவில் இன்னொன்று. என் அப்பாவின் பெயரில் ஓர் இடத்தில் 'எச்' இருந்தது, இன்னோர் இடத்தில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தனக்குச் சரியென்று பட்ட மாதிரி மூன்றாவதாக ஒன்றை எழுதினார். விசாக் கவுண்டரில் இருந்தவர் மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் அந்த ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டியபோதுதான் நானே அதைக் கண்டேன்.

செய்ய வேண்டியது இது. கடவுச்சீட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலை அளவுகோலாக வையுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கும்போதே உங்கள் கடவுச்சீட்டின் பிரதியையும் அப்பா அம்மாவின் அடையாள அட்டைப் பிரதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். "இந்த எழுத்துப்படியே போடுங்கோ" என்று சொல்லுங்கள். மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சமாதான நீதவான் முன்னால் ஒரு காலையில் முடிகிற வேலை.

4. கடவுச்சீட்டு

திருகோணமலையில் குடிவரவுத் திணைக்களத்தின் கிளை இல்லை. நம்மில் பலர் வவுனியாவுக்குப் போகிறோம், மற்றவர்கள் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலுள்ள தலைமையகத்துக்கு. முன்கூட்டித் திகதி எடுக்க வேண்டுமா, நீங்கள் கேட்கும் சேவை அந்தக் கிளையில் உண்டா என்பதைத் திணைக்கள இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

சாதாரண சேவைக்கு நான் கட்டியது 5,000 ரூபா. 2024 டிசம்பர் 1 முதல் அது 10,000 ரூபா. ஒருநாள் சேவை 20,000 ரூபா. புகைப்படத்தைத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே இணையம்வழி அனுப்பிவிட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். அந்தத் துண்டுதான் உங்கள் படம், தொலைத்துவிடாதீர்கள். விசாவுக்கான படம் வேறு: 35 க்கு 45 மில்லிமீற்றர், வெளிர் நிறப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது.

ஏற்கெனவே கடவுச்சீட்டு இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், நீங்கள் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்.

5. பணத்தைக் காட்டுவது

என் முதல் விசா இங்கேதான் போனது.

அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். வரவு செலவு எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும், பணம் மேசை இழுப்பறையில் இருக்கும். டிசம்பரில் பள்ளிச் சீருடை தைக்கிற காலத்தில் அந்த இழுப்பறை நிறையும், மாசியில் வற்றும். வங்கியில் அவருக்குப் பெயருக்கு ஒரு கணக்கு. விசாவுக்கு வங்கிக் கூற்று வேண்டும் என்று தெரிந்ததும் சித்தப்பா அன்பாக ஐந்து லட்சம் ரூபாவை அந்தக் கணக்கில் போட்டார். போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, கூற்று எடுத்தது வெள்ளிக்கிழமை. அதுவரை 3,000, 4,000 என்று ஓடிய கணக்கில் கடைசி வரியில் ஐந்து லட்சம். மறுப்புக் கடிதத்தில் போதிய பணவசதி நிரூபிக்கப்படவில்லை என்ற பெட்டியில் புள்ளடி இருந்தது. அதற்குக் கீழே, திரும்பிப் போகும் எண்ணத்தில் சந்தேகம் என்ற பெட்டியிலும்.

அந்தப் பணம் பொய் இல்லை, சித்தப்பா மனமாரத் தந்தது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு காகிதம்கூட நான் வைக்கவில்லை. பார்ப்பவருக்கு அது இரவல் வாங்கிக் காட்டிய பணம்.

அடுத்த முறை இப்படிச் செய்தோம். நவம்பரிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கடை பூட்டும் முன் அப்பா கையிலிருக்கும் காசை வங்கியில் போட்டார். ஒரு வாரம் 8,000, ஒரு வாரம் 22,000. ஏப்ரல் வரும்போது அந்தக் கூற்றே அவருடைய தொழிலைச் சொன்னது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவைப் புதுப்பித்தோம். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வைத்தோம். சித்தப்பாவின் உதவியை மறைக்கவில்லை: அவர் எனக்கு என்ன முறை, எவ்வளவு தருகிறார், ஏன் தருகிறார் என்று ஒரு கடிதம், அவருடைய சம்பளச் சீட்டு மூன்று, அவருடைய வங்கிக் கூற்று. காணி உறுதியின் பிரதியையும் மொழிபெயர்த்துச் சேர்த்தோம்.

அரச உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இலகு. சம்பளக் கணக்கும் சீட்டும் போதும். கடை, கமம், கடற்றொழில் என்று இருக்கும் வீடுகளுக்குத்தான் இவ்வளவு காகிதம். உங்கள் அப்பா தோணி வைத்திருந்தால் அதன் பதிவுப் பத்திரத்தையும் வையுங்கள். உழைப்பு உண்மைதான், அதை எழுத்தில் காட்ட ஆறு மாதம் வேண்டும்.

என் செலவுக் கணக்கை அப்படியே தருகிறேன். அப்போது யூரோ 345 ரூபா அளவில் இருந்தது. படிப்பும் விடுதியும் 1,100 யூரோ, போகவர விமானச்சீட்டு 260,000 ரூபா, கைச்செலவு 400 யூரோ, காப்புறுதி 10,000 ரூபா அளவில், மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, கொழும்புப் பயணங்கள் எல்லாம் சேர்த்து 30,000 ரூபா. கிட்டத்தட்ட எட்டேகால் லட்சம். இதைப் பார்த்துவிட்டு வீட்டில் பேசுங்கள். நகை அடகு வைத்துத்தான் போக வேண்டும் என்றால், உதவித்தொகை கிடைக்கும் ஆண்டுவரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

6. கட்டணத்தை அனுப்புவது

வங்கிக்குப் போகும்போது அனுமதிக் கடிதம், கட்டணப் பட்டியல், கடவுச்சீட்டு, அடையாள அட்டை நான்கும் கொண்டு போங்கள். படிவத்தில் "வங்கிச் செலவு யாருக்கு" என்று ஒரு வரி இருக்கும். முழுச் செலவும் அனுப்புபவருக்கே என்று போடுங்கள். நான் கவனிக்காமல் பகிர்வு என்று விட்டேன். இடையில் ஒரு வங்கி 18 யூரோ கழித்துக்கொண்டது, போய்ச் சேர்ந்தது 1,082. கட்டணம் முழுதாக வரவில்லை, இடம் உறுதியில்லை என்று மின்னஞ்சல் வந்தது. அந்த 18 யூரோவை அனுப்ப இன்னொரு முறை வங்கிக் கட்டணம் கட்டினேன்.

விசா கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்ப வருமா என்று அனுப்பும் முன்பே கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.

7. விசா விண்ணப்பம்

90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் குறுகியகால விசா, அதாவது ஜேர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை நீட்டலாம். மே, ஜூனில் நேர்முகத் திகதிகள் நிரம்பிவிடும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே திகதி எடுங்கள். காகிதம் சேர்த்து முடித்தபின் எடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

கட்டணம் பற்றி ஒன்று. 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ. ஆனால் படிப்புக்காகப் போகும் மாணவருக்கு விசாக் கட்டணம் விலக்கு என்று ஷெங்கன் விசா விதியிலேயே இருக்கிறது. இது தெரியாமல் நான் முதல் முறை கட்டிவிட்டேன். உங்கள் படிப்பு அந்த விலக்குக்குள் வருமா என்று முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைக் கையில் வைத்திருங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அது எப்படியும் உண்டு.

கோப்பில் வைக்க வேண்டியவை: கையொப்பமிட்ட படிவம், படம், கடவுச்சீட்டு, அனுமதிக் கடிதம், கட்டணம் கட்டிய சான்று, விடுதிச் சான்று, வளாக விடுப்புக் கடிதம், மாணவர் அட்டைப் பிரதி, மேலே சொன்ன பணக் காகிதங்கள், பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, விமான முற்பதிவு. விசா வரும்வரை முற்பதிவு மட்டும் போதும், சீட்டை வாங்காதீர்கள். காப்புறுதி நீங்கள் இங்கே விமானம் ஏறும் நாளிலிருந்து திரும்பி வந்து இறங்கும் நாள்வரை முழுதாகச் செல்லுபடியாக வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

அங்கே சொந்தக்காரர் இருந்தால்? நம்மில் யாருக்குத்தான் இல்லை. மாமா டோர்ட்முண்டில் இருப்பது குற்றமில்லை, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் வீட்டில் தங்குவதாகவோ அவர் செலவைப் பார்ப்பதாகவோ இருந்தால், அவர் தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எடுத்து மூலப்பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 29 யூரோ. சும்மா எழுதிய அழைப்புக் கடிதம் அதற்கு ஈடாகாது.

கொழும்பில் நேர்முகம் காலை எட்டரைக்கு என்றால் முதல்நாள் இரவு பஸ்ஸில் ஏறினால் விடிவதற்கு முன் புறக்கோட்டையில் இறங்கிவிடலாம். நான் அப்படிப் போய், தூங்காத கண்ணோடு "என்ன படிக்கப் போகிறீர்கள்" என்ற கேள்விக்கே தடுமாறினேன். இரண்டாம் முறை முதல்நாள் மதியமே போய் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். முடிந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். என்ன பாடம், ஏன் அந்தப் பல்கலைக்கழகம், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் இரண்டு இரண்டு வசனத்தில் பதில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

8. மறுத்தால்

காரணம் குறித்த கடிதம் தருவார்கள். ஜேர்மனிக்கு முன்பு மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லை. இப்போது குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது வழக்குப் போடலாம். மறுப்பு அவர்களுடைய கணினியில் ஐந்து ஆண்டுவரை இருக்கும், ஆகவே மறைக்க நினைக்காதீர்கள். நான் இரண்டாம் முறை முகப்புக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே, சென்ற ஆண்டு இன்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது, இப்போது இன்னின்ன காகிதங்கள் இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன். பன்னிரண்டாம் நாள் விசா வந்தது.

9. புறப்படும் முன்

விசா ஒட்டிய பக்கத்தை நிதானமாக வாசியுங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்பது ஒன்று, எத்தனை நாள் என்பது வேறு. திகதி இடைவெளி 50 நாள் இருந்தாலும் நாள் எண்ணிக்கை 35 என்று இருந்தால் 35 நாள்தான். சீட்டை அதைப் பார்த்துப் போடுங்கள்.

உங்கள் வங்கி அட்டையை வெளிநாட்டில் பாவிக்கத் திறந்துவிடச் சொல்லி, கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். யூரோ நோட்டு வாங்க வங்கிக்குக் கடவுச்சீட்டு, விசா, விமானச்சீட்டு மூன்றும் வேண்டும்.

பொதியில் இறைச்சி, பால் சார்ந்த எதுவும் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். அம்மா ஈரத்துணியில் சுற்றித் தரும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள் ஒரு பைக்கற் எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு வாரத்துக்கு அது பெரிய ஆறுதல்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொழும்பு போய்த் திரும்ப வேண்டியதில்லை. குருநாகலில் இறங்கி நீர்கொழும்புப் பக்கம் மாறினால் கொழும்பு நெரிசலைத் தவிர்க்கலாம்.

10. போய் இறங்கியதும்

அனுமதிக் கடிதம், விடுதிச் சான்று, காப்புறுதி, திரும்பும் சீட்டு நான்கின் அச்சுப் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும். எல்லையில் கேட்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து முகப்படமும் கைரேகையும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது, ஆகவே அடுத்த விமானத்துக்கு நேரம் கூடுதலாக விடுங்கள்.

மாதாந்தப் பயணச்சீட்டு ஒன்று உண்டு, நாடு முழுக்க உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் அதில் போகலாம். நான் இருந்தபோது 58 யூரோ, 2026 ஜனவரி முதல் 63. அது சந்தா. மாதம் 10 ஆம் திகதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். வாங்கிய அன்றே நிறுத்தல் வேண்டுகோளையும் அனுப்பிவிடுங்கள். ஞாயிறு கடைகள் பூட்டு, சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள். ஊர் நேரம் மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடும். அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவது தெரியாது. வீட்டுக்கு எடுக்க நினைத்தால் அங்கு மாலை ஆறரைக்கு முன் எடுங்கள், அம்மா படுக்கும் முன் பேசலாம்.

11. திரும்பி வந்ததும்

விடுப்புக் கடிதத்தில் உள்ள திகதியில் துறையில் போய் நில்லுங்கள். சான்றிதழின் பிரதியைத் துறைத்தலைவருக்கும் பதிவாளர் பிரிவுக்கும் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். அங்கே பெற்ற புள்ளிகளை நம் பட்டத்தோடு சேர்ப்பார்களா என்பது பீடத்தைப் பொறுத்தது. எனக்குச் சேர்க்கவில்லை.

விமான ஏறு அட்டைகளையும் விசாக் கோப்பு முழுவதையும் எறியாமல் வையுங்கள். கொடுத்த கைரேகை 59 மாதத்துக்கு அவர்களிடம் இருக்கும், அதற்குள் இன்னொரு ஷெங்கன் விசா கேட்டால் பெரும்பாலும் மீண்டும் எடுக்க மாட்டார்கள். அப்போது இதே கோப்பில் வங்கிக் கூற்றையும் விடுப்புக் கடிதத்தையும் மட்டும் புதிதாக மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். என்னுடையது பச்சை நிறக் கோப்பு, அப்பாவின் கடையில் தையல் மெஷினுக்கு மேலே தட்டில் இருக்கிறது. இதுவரை வளாகத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.